பறக்கும் தட்டு பற்றிய அரசுக் கோப்புகளைத் தேடி வாசிக்கும் முறை

1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படையிடம் வந்து சேர்ந்த பறக்கும் தட்டுத் தகவல்கள் மொத்தம் 12,618. அவற்றில் 701 கடைசிவரை அடையாளம் காணப்படாதவை என்று விமானப்படையே எழுதி வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களும் ஓயாமல் எடுத்தாளப்படுகின்றன. அவற்றுக்கு அடியில் கிடக்கும் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர்களோ மிகக் குறைவு. ரகசிய முத்திரை நீக்கப்பட்ட அந்தத் தாள்களை இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருந்தபடியே யாரும் கணினித் திரையில் பார்க்கலாம். அவற்றை எப்படித் தேடுவது, எந்த வரிசையில் வாசிப்பது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஓர் அரசுக் கோப்பு, யாரோ ஒருவர் எதையோ பார்த்ததாக அரசிடம் சொன்னார் என்பதற்கும், அதைக் கேட்ட அலுவலகம் பிறகு என்ன செய்தது என்பதற்கும் உறுதியான சான்று. வானத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கு அது அந்த அளவுக்குச் சான்றாகாது. ‘அரசே ஒப்புக்கொண்டது’ என்று பரபரப்பாகச் சொல்லப்படும் பல செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் பிறந்தவை. கோப்பில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் எடுத்து, இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், தாமே கண்டாரா அல்லது கேட்டதை எழுதினாரா என்று விசாரித்துக்கொண்டே போவதுதான் வாசிக்கும் முறை.

எங்கே தேடுவது

முதலில் ஒரே ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பதிவிறக்கி மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, ஒரு நிகழ்வுக்குரிய நாற்பது ஐம்பது பக்கங்களை முழுமையாக வாசிப்பது பல மடங்கு பயன் தரும். எந்த நாட்டில், எந்த ஆண்டில் நடந்தது என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும்.

அமெரிக்க விமானப்படை 1948-இல் ‘புராஜெக்ட் சைன்’ என்ற பெயரில் விசாரணையைத் தொடங்கி, 1949-இல் அதை ‘கிரட்ஜ்’ என்று மாற்றி, 1952 மார்ச்சில் ‘புராஜெக்ட் புளூ புக்’ என்ற பெயரில் நிலைநிறுத்தியது. ஒஹையோ மாநிலம் டேட்டன் அருகிலுள்ள ரைட்-பேட்டர்சன் விமானத் தளத்திலிருந்து அது இயங்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காண்டன் தலைமையில் நடந்த ஆய்வு, இதைத் தொடர்வதால் அறிவியலுக்குப் பெரிய பயன் இல்லை என்று முடிவு சொன்ன பிறகு, 1969 டிசம்பர் 17 அன்று திட்டம் மூடப்பட்டது. அந்தக் கோப்புகள் பின்னர் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்துக்குச் சென்றன. அங்கே ‘டி-1206’ என்ற எண்ணுள்ள 94 மைக்ரோஃபிலிம் சுருள்களாக அவை இருக்கின்றன. அவற்றின் எண்ம வடிவத்தை ஆவணக்காப்பகத்தின் இணையப் பட்டியலிலேயே திறந்து பார்க்கலாம். நிகழ்வுக் கோப்புகள் தேதி வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், நாள் தெரியாமல் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் திண்டாட நேரிடும். ஒளிப்படங்கள் எழுத்துத் தாள்களிலிருந்து பிரிக்கப்பட்டு, கடைசி இரண்டு சுருள்களில் தனியாகப் பதிவாகியிருக்கின்றன. கோப்பில் படம் இருப்பதாகக் குறிப்பு மட்டும் இருந்து, படத்தைக் காணவில்லையென்றால், அதை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று எண்ணுவதற்கு முன் அந்தச் சுருள்களைப் பார்த்துவிட வேண்டும்.

பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் தன் கோப்புகளை 2008 முதல் 2013 வரை தவணை தவணையாக, லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் வழியே வெளியிட்டது. அவை பெரும்பாலும் ‘டிஇஎஃப்இ 24’, ‘டிஇஎஃப்இ 31’, ‘ஏஐஆர் 2’ ஆகிய வரிசைகளில் இருக்கின்றன. அங்கே 1960-களுக்கு முற்பட்ட தாள்கள் மிகக் குறைவு. ஐந்தாண்டுகள் கழிந்த கோப்புகளை அழித்துவிடுவது 1967 வரை அந்த அமைச்சகத்தின் வழக்கமாக இருந்ததே அதற்குக் காரணம். பிரான்சின் தேசிய விண்வெளி நிறுவனத்தின் கீழ் துலூஸ் நகரிலிருந்து இயங்கும் ‘கெய்பான்’ என்ற பிரிவு, 2007 முதல் தன் விசாரணை அறிக்கைகளை இணையத்தில் வெளியிட்டுவருகிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு அவற்றை ஓரளவு வாசித்துவிடலாம். என் பார்வையில் உலகிலேயே ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட சேகரம் அதுதான். எஃப்.பி.ஐ.-யின் ‘வால்ட்’ பக்கமும் சி.ஐ.ஏ.-யின் மின்னணு வாசக சாலையும் இவற்றோடு சேர வேண்டியவை. 2024-ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின்படி, பல்வேறு அமெரிக்க அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் இத்தகைய பதிவுகளைத் திரட்ட, தேசிய ஆவணக்காப்பகம் ‘615’ என்ற புதிய பதிவுத் தொகுதியையும் தொடங்கியிருக்கிறது.

தேடும்போது காலத்துக்கேற்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தாள்களில் ‘ஃபிளையிங் டிஸ்க்’ என்றும், 1950-களின் தொடக்கத்தில் ‘ஃபிளையிங் சாசர்’ என்றும், சற்றுப் பின்னர் ‘யூ.எஃப்.ஓ.பி.’ (அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்) என்றும், இப்போது ‘யூ.ஏ.பி.’ (அடையாளம் காணப்படாத விந்தை நிகழ்வு) என்றும் எழுதப்பட்டிருக்கும். ‘யூ.எஃப்.ஓ.’ என்று மட்டும் தட்டச்சு செய்தால் பழைய தாள்களில் பாதி கண்ணில் படாது.

பதிவு அட்டையிலிருந்து உள்ளே போவது

புளூ புக் கோப்பு ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் முதலில் வருவது ‘புராஜெக்ட் 10073’ என்று தலைப்பிட்ட ஒரு பதிவு அட்டை. தேதி, இடம், உள்ளூர் நேரமும் கிரீன்விச் நேரமும், தரையிலிருந்து கண்ணால் பார்த்ததா ராடாரில் தெரிந்ததா விமானத்திலிருந்து பார்த்ததா, படம் உண்டா, தகவல் தந்தவர் எத்தகையவர், எவ்வளவு நேரம் தெரிந்தது, எத்தனை பொருள்கள், எந்தத் திசையில் சென்றன என்று சிறு சிறு கட்டங்கள் இருக்கும். கீழே நான்கைந்து வரியில் நிகழ்வுச் சுருக்கம். ஓரத்தில் முடிவுகளின் பட்டியல்: பலூன், விமானம், வானியல் பொருள் என்ற மூன்றுக்கும் ‘ஆம்’, ‘அநேகமாக’, ‘ஒருவேளை’ என்று மும்மூன்று கட்டங்கள்; அவற்றோடு ‘பிற’, ‘மதிப்பிடப் போதிய தகவல் இல்லை’, ‘தெரியவில்லை’.

பலர் இந்த அட்டையைப் படித்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். அட்டை என்பது அலுவலர் ஒருவர் எல்லாத் தாள்களையும் பார்த்துக் கடைசியில் நிரப்பியது. ஆகவே அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் தாள்களை அவை எழுதப்பட்ட கால வரிசைப்படி அடுக்கி, மிகப் பழைய தாளிலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். சம்பவம் நடந்த அன்றே அனுப்பப்பட்ட தொலையச்சுச் செய்திக்கும், மூன்று வாரம் கழித்து எழுதப்பட்ட கடிதத்துக்கும், அட்டையில் இருக்கும் நான்கு வரிக்கும் இடையே எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் புலப்படும். முதல் தாளில் ‘ஒரு வெளிச்சம்’ என்று இருப்பது மூன்றாவது தாளில் ‘பொருள்’ என்று மாறியிருந்தால், அந்த மாற்றத்தை யார் செய்தார் என்று தேடுவது உங்கள் வேலை.

முடிவுக் கட்டங்களையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘ஒருவேளை பலூன்’ என்று குறியிட்ட நிகழ்வும் விளக்கம் கிடைத்ததாகவே மொத்தக் கணக்கில் சேரும். ‘போதிய தகவல் இல்லை’ என்று ஒதுக்கப்பட்டவையும் அந்த 701-இல் சேரா. எனவே 12,618-இல் 701 போக மீதியெல்லாம் ஐயமறத் தீர்க்கப்பட்டவை என்று கொள்வதும் பிழை. அந்த 701-ம் விளக்கவே முடியாதவை என்று கொள்வதும் பிழை. பிரான்சின் கெய்பான் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறது: உறுதியாக அடையாளம் காணப்பட்டது ‘ஏ’, அநேகமாக அடையாளம் காணப்பட்டது ‘பி’, தகவல் போதாதது ‘சி’, நன்கு விசாரித்தும் விளங்காதது ‘டி’. அமெரிக்கக் கோப்பை வாசிக்கும்போதும் இந்த நான்கு பிரிவுகளை வைத்து நீங்களே மதிப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து வருவது சாட்சி நிரப்பிய வினாத்தாள். பல பக்கங்கள் கொண்ட இந்தப் படிவத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். கண்ணாடி அணிந்திருந்தீர்களா, காரின் முன்கண்ணாடி வழியே பார்த்தீர்களா, வானம் எப்படி இருந்தது, பொருளை வரைந்து காட்டுங்கள் என்றெல்லாம் அது கேட்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அளவு பற்றியது. கையை நீட்டிப் பிடித்த ஒரு பொருளோடு ஒப்பிட்டால் நீங்கள் பார்த்தது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்டு, குண்டூசித் தலை, பட்டாணி, சில்லறை நாணயங்கள், பேஸ்பால், கூடைப்பந்து என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். இன்றிரவு நிலவு தெரிந்தால் ஒரு பட்டாணியைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முழு நிலவே அதன் பின்னால் மறைந்துவிடும். நிலவின் தோற்ற அகலம் ஏறத்தாழ அரைப் பாகைதான். கூடைப்பந்தைக் கை நீட்டிப் பிடித்தால் இருபது பாகைக்கு மேல் வரும், அதாவது நாற்பது நிலவுகளைப் பக்கம் பக்கமாக வைத்த அகலம். ஒரு சாட்சி கூடைப்பந்து என்று குறித்துவிட்டு, அதே படிவத்தில் நட்சத்திரத்தைவிடச் சற்றுப் பெரிது என்றும் எழுதியிருந்தால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. இரவு வானில் அளவைக் கணிப்பது மனிதக் கண்ணுக்கு அவ்வளவு கடினம். ஆனால் அந்தச் சாட்சியத்திலிருந்து ‘முப்பது மீட்டர் அகலம்’ என்று எவராவது பின்னர் எழுதியிருந்தால் அதை அடித்துவிடலாம். அரைப் பாகை அகலமுள்ள பொருள் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் சுமார் 9 மீட்டர், பத்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் சுமார் 90 மீட்டர். தொலைவு தெரியாமல் அகலம் தெரிய வழியே இல்லை.

நேரத்தைச் சரிபார்ப்பது

ராணுவத் தாள்களில் நேரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில், எண்களுக்குப் பின் ‘இஸட்’ என்ற எழுத்தோடு இருக்கும். இதனால் தேதியே மாறிவிடுவதுண்டு. நியூ மெக்சிகோவின் சொகோரோ ஊரில் லானி சமோரா என்ற காவலர், வேகமாகச் சென்ற ஒரு காரைத் துரத்திக்கொண்டிருந்தபோது பேரொலியும் தீச்சுடரும் எழுந்த இடத்துக்குச் சென்று, முட்டை வடிவப் பொருள் ஒன்று தரையிலிருந்து எழும்பிப் போனதைக் கண்டதாகச் சொன்னது 1964 ஏப்ரல் 24, மாலை 5.45 மணி அளவில். அந்த மாநிலம் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் பின்தங்கியது. ஆக, கிரீன்விச் கணக்கில் அது ஏப்ரல் 25, நள்ளிரவு கடந்து 45 நிமிடம். ஒரே நிகழ்வு இரு தேதிகளில் வருவதைக் கண்டு இரு நிகழ்வுகள் என்று எண்ணிவிடக் கூடாது. கோடைக்கால நேர மாற்றம் உள்ள மாதங்களில் அமெரிக்க ஊர்களுக்கு இந்த இடைவெளி ஒரு மணி நேரம் குறைவதையும் கவனிக்க வேண்டும்.

நேரம் உறுதியானதும் ‘ஸ்டெல்லேரியம்’ போன்ற இலவச வானியல் மென்பொருளில் அந்த ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்து, சாட்சி சொன்ன திசையில் என்ன இருந்தது என்று பாருங்கள். வெள்ளிக் கோள் அடிவானத்தருகே இருந்ததா, வியாழன் எங்கே இருந்தது, நிலவு எழுந்துவிட்டதா என்பவற்றை ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஐம்பதுகளில் விசாரணை அலுவலர்கள் இதற்காக வானியலாளர் ஆலன் ஹைனெக்கின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இன்று அந்தக் கணக்கு நம் கையிலேயே இருக்கிறது.

தேதிப் பிழை ஒரு கோப்பை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இங்கிலாந்தின் ரெண்டில்ஷம் காட்டு நிகழ்வைவிட நல்ல பாடம் இல்லை. சஃபோக் பகுதியில் அமெரிக்க விமானப்படை பயன்படுத்திவந்த உட்பிரிட்ஜ் தளத்தின் பின்வாசலுக்கு வெளியே, 1980 டிசம்பர் கடைசி வாரத்தில் காவல் வீரர்கள் சில விளக்குகளைக் கண்டு காட்டுக்குள் சென்றார்கள். துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் இதைப் பற்றி பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பு 1983-இல் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. மூன்றே பத்திகள். முதல் பத்தியில் முக்கோண வடிவ உலோகப் பொருள். இரண்டாவதில் தரையில் மூன்று பள்ளங்களும் கதிர்வீச்சு அளவும். மூன்றாவதில் மரங்களுக்கிடையே தெரிந்த செந்நிற ஒளியும், வானில் நட்சத்திரம் போன்ற பொருள்களும். குறிப்பின் தேதி 1981 ஜனவரி 13. அதாவது சம்பவம் நடந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு எழுதப்பட்டது. முதல் சம்பவம் 27-ஆம் தேதி அதிகாலை என்று அதில் இருக்கிறது. ஆனால் அன்றிரவு தளத்திலிருந்து அழைப்பு வந்து உள்ளூர்க் காவலர்கள் வந்து பார்த்ததைப் பதிவு செய்த காவல்துறைக் குறிப்பில் தேதி 26. கண்ணில் பட்டது ஆர்ஃபர்ட்நெஸ் கலங்கரை விளக்கத்தின் ஒளி மட்டுமே என்றும் அதில் எழுதியிருக்கிறது. 26-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்பு தென் இங்கிலாந்து வானில் பிரகாசமான எரிகல் ஒன்றும் காணப்பட்டது. 27 என்று நம்பித் தேடுபவருக்கு அந்த எரிகல்லும் கிடைக்காது, காவல்துறைப் பதிவும் பொருந்தாது. ஹால்ட் காட்டுக்குள் நடந்தபடியே பதிவு செய்த ஒலிநாடாவும் இருக்கிறது; அதில் ஒளி தோன்றி மறைவதை அவர் சொல்லும் இடைவெளியை, ஐந்து வினாடிக்கு ஒருமுறை ஒளிர்ந்த அந்தக் கலங்கரை விளக்கத்தோடு நீங்களே கடிகாரம் வைத்து ஒப்பிடலாம்.

குறிப்பை எழுதியவர் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். தாமே களத்தில் நின்றவர். அப்படிப்பட்டவரின் தாளிலும் தேதி தவறலாம். ஆகவே ஒரு கோப்பிலுள்ள தேதியை வேறோர் அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யார் சொல்லக் கேட்டு யார் எழுதியது

எஃப்.பி.ஐ.-யின் வால்ட் பக்கத்தில் மிக அதிகமானோர் திறந்து பார்த்த தாள் 1950 மார்ச் 22 தேதியிட்ட ஒரு பக்கக் குறிப்பு. வாஷிங்டன் கிளையின் தலைவர் கை ஹாட்டல், இயக்குநர் எட்கர் ஹூவருக்கு அனுப்பியது. நியூ மெக்சிகோவில் மூன்று பறக்கும் தட்டுகள் மீட்கப்பட்டன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 அடி விட்டம், ஒவ்வொன்றிலும் மூன்றடி உயரமுள்ள மனித வடிவ உடல்கள் மூன்று, அவை உலோகத் துணி அணிந்திருந்தன என்று அதில் இருக்கிறது. இந்த நான்கு வரியை மட்டும் வெட்டியெடுத்து உலகம் முழுதும் பரப்பினார்கள்.

இப்போது அதே தாளை மேலிருந்து கீழாக வாசித்துப் பாருங்கள். தகவல் ஒரு முகவருக்குக் கிடைக்கிறது. அவருக்குச் சொன்னவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆளும் தாம் பார்த்ததாகச் சொல்லவில்லை. விமானப்படை விசாரணையாளர் ஒருவர் சொன்னார் என்கிறார். அந்த விசாரணையாளர் தட்டுகளை நேரில் கண்டாரா என்பதும் தாளில் இல்லை. அவர் சொன்னது தகவலாளியின் காதுக்கு, அவர் வாயிலிருந்து முகவரின் காதுக்கு, முகவர் மூலம் ஹாட்டலின் தட்டச்சுக்கு, அங்கிருந்து ஹூவரின் மேசைக்கு. கடைசி வரியில், இதைப் பற்றி மேற்கொண்டு எந்த மதிப்பீடும் செய்யப்படவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எஃப்.பி.ஐ.-யும் 2013-இல் இதை விளக்கி, தாங்கள் விசாரிக்கவே செய்யாத, பிறர் சொல்லக் கேள்விப்பட்ட செய்தி என்று சொன்னது. அதே காலத்தில் நியூ மெக்சிகோவில் தட்டு விழுந்த கதையைப் பரப்பிவந்த சைலஸ் நியூட்டனும் லியோ கெபாவரும், எண்ணெய் வளம் கண்டுபிடிக்கும் கருவி என்று போலிப் பொருளை விற்ற வழக்கில் 1953-இல் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டார்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் இப்படி ஒரு சங்கிலியை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொள்ளுங்கள்: கண்டவர், கேட்டவர், எழுதியவர், பெற்றவர். கண்டவரின் இடம் காலியாக இருந்தால், அந்தத் தாள் ஒரு வதந்தி அரசு அலுவலகம் வரை வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி.

சொகோரோ கோப்பை இதற்கு எதிர்முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கண்டவரின் பெயர் தெரியும். அவர் அன்றே பேசினார். சிறிது நேரத்தில் இன்னொரு காவலர் வந்து தரையிலிருந்த தடங்களையும் கருகிய புதர்களையும் பார்த்தார். ராணுவ அதிகாரி ஒருவரும் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரும் அன்று மாலையே களத்துக்கு வந்தார்கள். சில நாளில் ஹைனெக்கே வந்து சேர்ந்தார். அப்போது புளூ புக்கின் தலைவராக இருந்த ஹெக்டர் கின்டனில்லா, இப்படிப்பட்ட கதைகளை எளிதில் நம்பாதவர். அவரே இதை மிக நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு என்று எழுதி, ‘அடையாளம் காணப்படாதது’ என்ற வகையில் வைத்தார். இரு கோப்புகளையும் அடுத்தடுத்து வாசித்தால், நல்ல சாட்சியமும் வெறுமனே கேள்விப்பட்ட செய்தியும் காகிதத்தில் எப்படி வேறுபட்டுத் தெரியும் என்பது நன்றாகப் பழகிவிடும்.

விசாரித்தவருக்கே தெரியாத ரகசியங்கள்

கோப்பில் இருக்கும் அரசு விளக்கத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கியில் தாமஸ் மாண்டெல் என்ற விமானி, வானில் தெரிந்த பெரிய வெண்ணிறப் பொருளைத் துரத்தி, ஆக்சிஜன் கருவி இல்லாமல் மேலே மேலே ஏறி, விமானம் விழுந்து உயிரிழந்தார். விமானப்படை முதலில் அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்றது. பின்னர், கடற்படையின் ‘ஸ்கைஹுக்’ பலூனாக இருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. மிக உயரத்தில் பறந்த அந்தப் பலூன் திட்டம் அப்போது ரகசியமாக இருந்ததால், விசாரித்த அலுவலர்களுக்கே அது தெரியாது. ஓர் அலுவலகத்தின் ரகசியம் இன்னோர் அலுவலகத்துக்கு மர்மமாகத் தோன்றிய நிகழ்வுகள் இப்படிப் பல உண்டு.

சில நேரம் தெரிந்தே மறைத்ததும் உண்டு. 1955 ஆகஸ்டில் ‘யூ-2’ வேவு விமானம் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் 20,000 அடி வரை பறந்த காலத்தில் அது 60,000 அடிக்கு மேல் பறந்தது. தொடக்கத்தில் அதன் உடலுக்கு வண்ணம் பூசப்படாததால், அந்தி நேரத்தில் கீழே இருள் சூழ்ந்த பிறகும் மேலே வெயில் பட்டுப் பளபளத்தது. புளூ புக் அலுவலர்கள் சில தகவல்களை யூ-2 பயணப் பதிவுகளோடு ஒப்பிட்டு உண்மையைத் தெரிந்துகொண்டார்கள் என்றும், எழுதிக் கேட்டவர்களுக்கு அதைச் சொல்ல முடியவில்லை என்றும் சி.ஐ.ஏ.-யின் சொந்த வரலாறே ஒப்புக்கொள்கிறது. ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் வந்த தகவல்களில் பாதிக்கு மேல் இத்தகைய வேவு விமானங்கள்தான் என்று அந்த நிறுவனத்தின் வரலாற்றாய்வாளர் 1997-இல் எழுதினார். அந்தக் கூற்றையும் கோப்புகளோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். அந்த ஆண்டுகளின் கோப்பு ஒன்றில் ‘வளிமண்டலக் காரணம்’ என்று மொட்டையாக ஒரு முடிவு இருந்து, அதற்கு ஆதாரமாக ஒரு வானிலைத் தாள்கூட இல்லையென்றால், அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். 1952 ஜூலையில் வாஷிங்டன் நகர வானில் ராடார்த் தடங்கள் தோன்றியபோது, வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கே (குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று படிவது) காரணம் என்று ஜெனரல் சாம்ஃபர்டு ஜூலை 29 அன்று செய்தியாளர்களிடம் விளக்கினார். அந்தக் கோப்பில் விளக்கத்தோடு வானிலைப் பதிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கருப்புப் பட்டைகள்

மை பூசி மறைத்த வரிகளைக் கண்டதும் அங்கேதான் பெரிய உண்மை இருக்கிறது என்று மனம் துடிக்கும். அமெரிக்கத் தாள்களில் பட்டையின் அருகே சிறிய குறியீடு ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். ‘பி-1’ என்றால் தேசியப் பாதுகாப்பு. ‘பி-3’ என்றால் வேறொரு சட்டம் தடுக்கிறது. ‘பி-6’, ‘பி-7-சி’ என்றால் தனிநபர் அந்தரங்கம். பெயரின் நீளத்துக்கு இருக்கும் பட்டைகளில் மிகப் பல கடைசி வகையைச் சேர்ந்தவை. புளூ புக் சுருள்களில் சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். ஒரே தாளை இரு அலுவலகங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெளியிட்டிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஒன்றில் மறைத்தது மற்றொன்றில் திறந்திருப்பதுண்டு.

பக்கத்தின் தலையிலும் காலிலும் உள்ள ரகசிய முத்திரை கோடிட்டு அடிக்கப்பட்டு, நீக்கிய தேதி பொறித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது எதுவும் இல்லாத, எந்த ஆவணக்காப்பகத்தின் பட்டியலிலும் எண் இல்லாத ‘ரகசியத் தாள்’ சமூக ஊடகங்களில் வந்தால், அதை ஆவணம் என்று கருதாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

புதிதாகக் கேட்டுப் பெறுவது

நீங்கள் தேடும் தாள் எங்கும் வெளியாகவில்லையென்றால், எழுதிக் கேட்கலாம். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை தருகிறது. அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டமும் பிரிட்டனின் சட்டமும் வெளிநாட்டவர் உட்பட யார் வேண்டுமானாலும் கேட்க இடம் தருகின்றன. இரண்டிலும் பதிலுக்கான பொதுவான கெடு 20 வேலை நாள்; அமெரிக்க அலுவலகங்களில் அது நீண்டுபோவது வழக்கம். வணிக நோக்கமில்லாத தனிநபருக்கு அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கங்களும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

விண்ணப்பத்தை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். ‘பறக்கும் தட்டு பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால், கோரிக்கை மிகப் பரந்தது என்று திரும்பி வரும். எந்த அலுவலகம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊர், எந்த வகைத் தாள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே வெளியான தாளில் வேறொரு கடிதத்தின் எண் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்த எண்ணைத் தாருங்கள். ஒவ்வொரு தாளின் கீழும் ‘இணைப்பு’ என்றும் ‘நகல்’ என்றும் எழுதப்பட்டிருக்கும் வரிகளையும் ஆரம்பத்திலிருந்தே குறித்து வாருங்கள். நகல் போன அலுவலகத்தில் அந்தத் தாள் இன்னும் இருக்கலாம். மறுப்பு வந்தால் அமெரிக்காவில் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் உண்டு. பிரிட்டனில் முதலில் அதே அமைச்சகத்திடம் உள்மறுஆய்வு கேட்டுவிட்டு, பிறகு தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். ‘அப்படியொரு ஆவணம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது’ என்று பதில் வந்தாலும் மேல்முறையீடு செய்யலாம். அப்போது அந்த அலுவலகமோ அதன் துறையோ அதே செய்தியை முன்பே பொதுவில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த அறிக்கையின் தேதியோடு நகலையும் இணைத்து அனுப்புங்கள்.